கடிதம் யாருக்கு உரியது? சங்கத்தின் மின்னஞ்சலை இடம் மாற்றுவது பற்றிச் சில கருத்துக்கள்

ஒரு சங்கத்தின் உயிர் அதன் கட்டடத்திலும் இல்லை. அதன் வங்கிக் கணக்கிலும் இல்லை. கூட்டக் குறிப்புப் புத்தகம், கணக்குப் புத்தகம், கடிதக் கோவை என்னும் மூன்றிலுமே அது தங்கியிருக்கின்றது. இவற்றுள் முதலிரண்டும் என்ன முடிவு செய்யப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பனவற்றைக் கூறும். அம்முடிவு ஏன் செய்யப்பட்டது, அதனை விரும்பியவர் யார், மறுத்தவர் யார், மறுத்தவர் பின்னர் எங்ஙனம் இணங்கினார் என்பனவற்றைக் கூறவல்லது கடிதக் கோவை ஒன்றே. யூபிலி மலர் தொகுக்கப் புகும் எவரும் இவ்வுண்மையை விரைவில் அறிவர். ஒரு கல்லூரியின் தொடக்க காலத்துக் கடிதங்கள், கறையான் தின்றவை போக எஞ்சியவையேனும், ஓர் அலுமாரியிலிருந்து எடுத்துப் படிக்கத்தக்கனவாய் இருத்தல் கூடும். அண்மைக் காலத்து இருபது இருபத்தைந்து ஆண்டுகளின் கடிதங்கள் எங்கேயுள்ளன என்று வினவினால், விடை கூறுவார் அரியர்.

காரணம் வெளிப்படை. அவை தாளில் எழுதப்படவில்லை, மின்னஞ்சலில் எழுதப்பட்டன. இலண்டன் கிளையார் நூல்நிலையத்துக்குப் பணம் அனுப்ப முன்வருவதும், ரொறன்ரோ கிளையார் அதற்கொரு நிபந்தனை கூறுவதும், அதிபர் அந்நிபந்தனைக்கு மறுமொழி எழுதுவதும் இன்று மின்னஞ்சலிலேயே நிகழ்கின்றன. அழைப்பிதழ்கள் சிலவற்றை ஒழித்தால், சங்கக் காரியமாகத் தபாற் கந்தோரை நாடிச் செல்லும் கடிதம் ஒன்றுமில்லை எனலாம். ஆகவே மின்னஞ்சலென்பது சங்கத்துக்கு வாய்த்த ஒரு வசதி மாத்திரமன்று. சங்கத்தின் கடிதக் கோவையும் அதுவேயாம்.

இந்நிலையில், சங்கத்தின் மின்னஞ்சலைப் பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டுக்கு மாற்றுதல் வேண்டும் என்ற பேச்சு எமது பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. பேச்சு எழுந்தவுடன் கேட்கப்படும் வினாக்கள் யாவை? கூகுளா, மைக்ரோசொப்டா, அன்றி வேறொன்றா? எது மலிவு? எதில் இடம் அதிகம்? இவை வேண்டிய வினாக்களே. ஆயின் முதல் வினாக்கள் அல்ல. முதலிற் கேட்கவேண்டியது, கடிதம் யாருக்கு உரியது, முகவரி யாருக்கு உரியது என்பதே. இதற்கு விடை காணாது எந்தக் கம்பனிக்கு மாறினும், சில ஆண்டுகளின் பின் இதே இடர்ப்பாட்டுக்கே திரும்பி வருவோம் என்பது எமது துணிபு.

மின்னஞ்சலின் வரலாறு நீண்டதன்று. 1971ஆம் ஆண்டில் றே ரொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பும் முறையை அமைத்தார். முகவரியின் நடுவே இன்று நாம் காணும் சுழித்த குறியை, ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரித்துக் காட்டுதற்கு வழங்கியவரும் அவரே. இலங்கையில் 1990ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகத்தார் தம்முள் மின்னஞ்சல் பரிமாறத் தொடங்கினர். 1996 யூலையில் ஹொட்மெயில் தோன்றியது. 2004 ஏப்ரிலிற் கூகுள் கம்பனியார் ஒரு கிகாபைற் இடத்தை இலவசமாக வழங்கி ஜிமெயிலைத் தொடக்கினர். இலவசம் என்ற சொல்லுக்கு இணங்காதார் யார்? சங்கத்தின் காரியதரிசியாகத் தெரிவானவர் தமது சொந்தப் பெட்டியிலிருந்தே சங்கக் கடிதங்களை எழுதலானார். பின்வந்தவரும் அவ்வாறே செய்தார். தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படாமலே ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது.

இதன் விளைவு யாது? ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் புதிய காரியதரிசி தெரிவாகின்றார். முத்திரையும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் அவரிடம் கையளிக்கப்படுகின்றன. கடிதங்கள் கையளிக்கப்படுவதில்லை. அவை முன்னைக் காரியதரிசியின் மகளது திருமணப் பேச்சுக்கும், வைத்தியரின் அறிக்கைக்கும், வங்கிக் கூற்றுக்கும் இடையே கலந்து கிடக்கின்றன. அவரிடம் கடவுச்சொல்லைக் கேட்பது நாகரிகமன்று. கேட்டால் அவர் கொடுப்பதும் அறிவுடைமையன்று. சில காலத்தின் பின் அவர் வெளிநாடு செல்கின்றார், அல்லது காலமாகின்றார். அனுதாபத் தீர்மானம் நிறைவேறுகின்றது. பெட்டி பூட்டியபடியே இருக்கின்றது. ஈராண்டு காலம் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் கம்பனியார் 2023 டிசெம்பர் தொட்டு நடைமுறைப்படுத்தி வருகின்றனர். அவ்விதியைக் குறைகூறுதற்கு இடமில்லை. தனியார் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டி ஒரு சங்கத்தின் ஆவணக் காப்பகம் என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

இன்னுமோர் உதாரணம் கூறுவோம். புலம்பெயர்ந்த நம்மவர் பலர், ஊர்ச் சங்கமாயினும் பாடசாலைச் சங்கமாயினும், யாகூ குழுமங்கள் என்ற ஏற்பாட்டின் வழியே பல்லாண்டு காலம் ஒருவரோடொருவர் உரையாடி வந்தனர். 2019 ஒக்ரோபரில் யாகூ கம்பனியார் அக்குழுமங்களிற் சேர்ந்திருந்த பழைய மடல்கள் யாவும் நீக்கப்படும் என அறிவித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்துடன் அவற்றைப் பெறும் வழி அடைபட்டது. 2020 டிசெம்பர் 15ஆந் திகதி குழுமங்கள் முற்றாக மூடப்பட்டன. விழித்திருந்தோர் தம் மடல்களை இறக்கிக்கொண்டனர். ஏனையோருக்கு அவை இல்லாதொழிந்தன. அங்கே பகைவர் எவருமில்லை, தீயுமில்லை. பிறர் வீட்டில் வைத்த பொருளை வீட்டுக்காரர் அகற்றச் சொன்னார். அகற்றுதற்கு ஆள் இருக்கவில்லை. அவ்வளவே.

ஆகவே மின்னஞ்சலை மாற்றுமுன் செய்யவேண்டிய முதற் காரியம், சங்கத்துக்கெனச் சொந்தமாக ஓர் இணையப் பெயரைப் பெறுதலாம். டொமைன் என வழங்கப்படும் இப்பெயரே மின்னஞ்சல் முகவரியில் சுழித்த குறிக்குப் பின் வருவது. அவ்விடத்தில் ஒரு கம்பனியின் பெயர் நிற்குமாயின், நாம் அக்கம்பனியின் வளவிற் குடியிருப்போரே ஆவோம்; குடியெழும்பும் நாளில் முகவரி அவர்களிடமே நின்றுவிடும். அங்கே சங்கத்தின் பெயர் நிற்குமாயின், வளவு எம்முடையது. வேலைக்கு அமர்த்திய கம்பனியை மாற்றலாம், முகவரி மாறாது. இலங்கைக்குரிய எல்.கே. என்னும் முடிபு 1990ஆம் ஆண்டு தொட்டு உள்ளது. தமிழெழுத்திலே 'இலங்கை' என முடியும் பெயரும் 2010ஆம் ஆண்டில் எமக்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை செலுத்தினால் இவற்றுள் ஒன்றைப் பெறலாம்.

பெறுவது மாத்திரம் போதாது. யார் பெயரிற் பெறுவது என்பது அதனினும் பெரிது. சங்கத்துக்குக் காணி வாங்கும்போது உறுதியைக் காரியதரிசியின் சொந்தப் பெயரில் முடிக்க எவராவது உடன்படுவரா? நொத்தாரிசே அதற்கு இடங்கொடார். இணையப் பெயரின் காரியத்திலோ இதுவே பலவிடங்களில் நடைபெறுகின்றது. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தமது பெயரிற் பதிவு செய்து, தமது கடனட்டையாற் பணங் கட்டி விடுகின்றார். அவர் எண்ணம் நல்லதே. ஆயின் அவர் அட்டை காலாவதியாகும் நாளிற் சங்கத்தின் பெயரும் காலாவதியாகின்றது; அதனை அந்நியர் ஒருவர் வாங்கிக்கொள்ளவும் கூடும். பெயர் சங்கத்தின் பெயரிலும், பதிவுக்குரிய திறவுகோல் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி மூவரிடத்திலும், பணம் சங்கக் கணக்கிலிருந்தும் செல்லுதல் வேண்டும்.

பெயர் கிடைத்தபின், முகவரிகள் ஆளுக்கென அன்றிப் பதவிக்கென அமைதல் வேண்டும். காரியதரிசிக்கு ஒன்று, தனாதிகாரிக்கு ஒன்று, மலராசிரியருக்கு ஒன்று என்றிருப்பின், பதவியிலிருப்பவர் மாறும்போது கடவுச்சொல் மாத்திரமே மாறும், கடிதம் மாறாது. முன்னைக் காரியதரிசி 3 ஆண்டுகளுக்கு முன் எழுதிய மறுமொழியைப் புதியவர் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

சொந்தப் பெயரின் பயனை உலகம் 2022ஆம் ஆண்டிற் கண்டது. சொந்த இணையப் பெயருடையோருக்குக் கூகுள் கம்பனியார் 2006ஆம் ஆண்டு தொடங்கி இலவசமாக வழங்கி, 2012 டிசெம்பரிற் புதியோருக்கு நிறுத்திய ஏற்பாடொன்று உண்டு. முன்னரே சேர்ந்தோர் அதனை இலவசமாகவே துய்த்து வந்தனர். 2022 ஜனவரியில் அவர்களும் இனிப் பணம் கட்டுதல் வேண்டும் என அறிவிக்கப்பட்டது. ஆரவாரம் எழுந்ததன் பயனாக, வியாபாரமல்லாத சொந்தத் தேவைக்கு வைத்திருப்போர் மட்டும் பின்னர் விலக்களிக்கப்பட்டனர். நாம் ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், அன்று அவர்களுள் எவருக்கும் வேறு கம்பனியை நாடும் வழி திறந்திருந்தது என்பதே. பெயர் அவர்களுடையதாதலின், கூலி உயர்ந்தவிடத்து வேறாளை அமர்த்தல் இயன்றது. யாகூ குழுமத்தாருக்கு அவ்வழி இருக்கவில்லை.

நிற்க, இடமாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். இதிலே இரண்டு காரியங்கள் உள. இனி வருங் கடிதங்களைப் புதிய இடத்துக்குத் திருப்புதல் ஒன்று. முன்னர் வந்த கடிதங்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுசேர்த்தல் மற்றொன்று. முதலாவது எளிது. எந்தப் பெயருக்கு வருங் கடிதம் எந்தக் கணினியிற் கொண்டுபோய்க் கொடுக்கப்படல் வேண்டும் என்பதைக் கூறும் ஒரு குறிப்பு இணையத்திற் பதியப்பட்டுள்ளது; எம்.எக்ஸ். பதிவு என்பது அதன் பெயர். அதனைத் திருத்தினால் உலகிலுள்ள கணினிகள் யாவும் கடிதத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லும். ஆயின் பழைய குறிப்பை அவை சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும் இயல்பின. அக்கால அளவைச் சில நாட்களுக்கு முன்னரே 5 நிமிடம் அளவாகக் குறைத்து வைத்தல் அறிந்தோர் வழக்கம். மாற்றும் வேளையிற் புதிய கணினி சில மணிநேரம் திறவாதிருப்பினும் அஞ்சவேண்டியதில்லை. அனுப்புங் கணினி, தபாற்காரர் பூட்டிய வீட்டுக்கு மறுநாளும் வருவதுபோல, 4 அல்லது 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயலும்படி விதிக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது காரியமே கடினம். பலருங் கைவிடுவதும் அதுவே. புதிய பெட்டி திறந்தாயிற்று, புதிய கடிதம் வருகின்றது, ஆகவே மாற்றம் முடிந்தது என எண்ணிவிடுகின்றனர். பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படியெடுத்துப் புதிய பெட்டியில் அதே உறையில், அதே திகதியில் வைத்தல் வேண்டும். ஐமாப் என்னும் பொதுவிதியைப் பின்பற்றும் இரு பெட்டிகளுக்கிடையே இதனைச் செய்யவல்ல கருவிகள் உள. ஆயின் அக்கருவிகள் கடிதத்தையே கொண்டுசெல்லும். முகவரிப் புத்தகத்தையும் நாட்குறிப்பையும் கொண்டுசெல்லா. அவற்றை வேறாக எடுத்துச் செல்லல் வேண்டும். யாவற்றிலும் முக்கியமானது, பழைய பெட்டியில் எத்தனை, புதிய பெட்டியில் எத்தனை என்று எண்ணி ஒப்புநோக்குதல். எண்ணாது பழையதை மூடுபவர், பெட்டகத்தைத் திறந்து பாராமலே பழைய வீட்டை இடிப்பவரை ஒப்பர்.

படியெடுத்தலும் ஒப்புநோக்கலும் எமக்குப் புதியனவல்ல. 1832ஆம் ஆண்டிற் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைப் பல இடங்களிலுந் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி அச்சேற்றினார்கள். 1887இற் கலித்தொகை அவ்வாறு வெளிவந்தது. ஏட்டிலிருந்து தாளுக்கு நிகழ்ந்த அவ்விடமாற்றத்தில் விடுபட்டுப்போன நூல்களை இன்று எவராலும் மீட்க இயலாது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு எழுத்து மாறும் ஒவ்வொரு காலத்திலும், யாரோ ஒருவர் பொறுமையுடன் இருந்து செய்தவையே எஞ்சின.

இனி, பெரிய இடங்களில் இவ்விடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு மூன்று சான்றுகளைக் காட்டுவோம். ஜேர்மனியின் வடபாலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசாங்கம், மைக்ரோசொப்ட் கம்பனியின் மின்னஞ்சலைக் கைவிட்டு, ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் என்னுந் திறந்த மென்பொருள்களுக்கு மாறி, அவ்வேலையை 2025 ஒக்ரோபர்த் தொடக்கத்தில் நிறைவுசெய்தது. 40,000க்கு மேற்பட்ட பெட்டிகளும், 10 கோடிக்கு மேற்பட்ட கடிதங்களும் நாட்குறிப்புக்களும் ஏறக்குறைய 6 மாதத்தில் மாற்றப்பட்டன. இடைக்காலத்தில் முறைப்பாடுகள் எழாமலில்லை. எனினும் அவர்கள் மாறியது மலிவு கருதி மாத்திரமன்று. அரசாங்கத்தின் கடிதம் அரசாங்கத்தின் ஆளுகையில் இருத்தல் வேண்டும் என்ற கொள்கையை முதலில் வகுத்து, அதன் பின்னரே பொருளைத் தெரிந்தனர். யாம் மேலே கூறிய முதல் வினாவை அவர்கள் முதலிற் கேட்டனர் என்பது கருதத்தக்கது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரசபை வேறு வகையில் நடந்தது. 2009 ஒக்ரோபரில் அச்சபை, பழைய குறூப்வைஸ் ஏற்பாட்டிலிருந்த ஏறக்குறைய 30,000 ஊழியரின் மின்னஞ்சலைக் கூகுளுக்கு மாற்றுதற்கு 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. நகரப் பொலிசார் கையாளும் குற்றவியல் தகவல்களுக்கு மத்திய அரசாங்கம் விதித்த காவல் விதிகள் பல உள. அவ்விதிகளுக்குப் புதிய ஏற்பாடு அமையாதென்பது பின்னரே தெளிவாயிற்று. 2011 டிசெம்பரிற் பொலிஸ் முதலிய பகுதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 பேர் பழைய ஏற்பாட்டிலேயே இருக்க விடப்பட்டனர். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கையொப்பமிடுமுன் ஒவ்வொரு பகுதியாரையும் அழைத்து அவர் தேவையைக் கேளாததன் பயன் அது. எமது சங்கம் சிறிதாயினும் தனாதிகாரியின் தேவை வேறு, மலராசிரியரின் தேவை வேறு, கடல்கடந்த கிளையாரின் தேவை வேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது சான்று எமது நாட்டினது. இலங்கை அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல் ஏற்பாடு, மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் நடைபெற்று வந்தது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021ஆம் ஆண்டளவில் இருந்தும், பணமின்மை முதலிய காரணங்களால் அது தாமதித்தது. அப்பதிப்புக்குரிய பராமரிப்பை அதனைச் செய்த கம்பனியார் 2023 ஏப்ரில் 11ஆந் திகதியுடன் நிறுத்தினர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில், தரவுகளைப் பூட்டிவைத்துப் பணங் கேட்கும் கள்வரின் தாக்குதல் நிகழ்ந்தது. காப்புப் பிரதிகளும் இணைப்பிலேயே இருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரை, ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்குரிய கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவைக் காரியாலயத்தின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். மாறாதிருத்தலும் ஒரு தீர்மானமே. அதற்கும் விலையுண்டு என்பதை இது காட்டுகின்றது.

ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதி, பிரதியாகாது. இவ்வுண்மையை எமக்கு வேற்று நாட்டார் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 யூன் முதல் நாளில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வேறெங்கும் பிரதியுள்ளவற்றை மீண்டும் வாங்கினோம். பிரதியில்லாதவற்றைப் பற்றிப் பேசவே இயலும். பின்வந்த இடப்பெயர்வுகளிற் பாடசாலைகளும் சங்கங்களும் இழந்த கோவைகளுக்குக் கணக்கில்லை. அவ்விழப்புகள் எம்மை மீறி நிகழ்ந்தன. மின்னஞ்சலிலுள்ள கடிதங்களை இழப்போமாயின், அப்பழியை ஏற்றுதற்கு எமக்கு வேறொருவர் கிடையார்.

இக்கருத்துக்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்தல் முறை. சங்கம் சிறிது, இத்துணை ஆரவாரம் எதற்கு என்பர் சிலர். சிறிய சங்கத்துக்குக் கடிதங்கள் குறைவு. ஆதலின் மாற்றுதலும் எளிது. ஒரு வாரவிறுதியில் முடியக்கூடிய வேலையைப் பத்தாண்டு தாமதித்தலே அதனைப் பெரிதாக்குகின்றது. பழைய கடிதத்தாற் பயனென்ன, புதிதாகத் தொடங்குவோம் என்பர் வேறு சிலர். புலமைப்பரிசில் நிதியைத் தந்த அன்பர் என்ன நிபந்தனையுடன் தந்தார் என்ற வினா எழும் நாளில் அவர்களும் பழைய கடிதத்தையே தேடுவர். முதியோருக்குப் புதிய ஏற்பாடு விளங்காது என்பது இன்னொரு கூற்று. இது மெய்யே, ஆயினும் பரிகாரமுள்ளது. பழைய முகவரிக்கு வருங் கடிதம் ஓராண்டு காலமேனும் புதிய முகவரிக்குத் தானே வந்து சேருமாறு ஏற்பாடு செய்தல் கூடும். இளைஞர் ஒருவரை முதியோரின் வீட்டுக்கே அனுப்பிக் காட்டிக் கொடுத்தலும் கூடும்.

தனிப்பட்டோரின் மறைவைப் பற்றிய தடையே கனமுள்ளது. சங்கக் கடிதங்களில் உதவி வேண்டி எழுதிய ஏழை மாணவரின் குடும்ப நிலையும், நோயுற்ற ஆசிரியரின் முறையீடும் அடங்கியுள்ளன. இவை எவர் கண்ணுக்கும் படும்படி கிடத்தல் தகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தற்கென்றே நிறைவேற்றப்பட்டது. ஆகவே மாற்றும் வேளையே பிரித்தெடுக்கும் வேளையுமாகும். முன்னைக் காரியதரிசிகள் தத்தம் பெட்டியைத் தாமே திறந்து, சங்கத்துக்குரியதை மாத்திரம் எடுத்துக் கையளித்தல் வேண்டும். எவரும் அவர்தம் கடவுச்சொல்லைக் கேட்டலாகாது. உதவி கோரிய கடிதங்கள் வேறாக வைக்கப்பட்டு, குறித்த காலத்தின் பின் அழிக்கப்படல் வேண்டும். எல்லாவற்றையும் வைத்திருத்தல் காவலாகாது; எதை வைப்பது, எதை நீக்குவது என்று கூடித் தீர்மானித்தலே காவலாம்.

மாற்றக் காலத்துக்கே உரிய இரண்டு அபாயங்களையும் கூறிவைப்போம். மின்னஞ்சல் மாறுகின்றது என்ற செய்தி பரவியதும், உமது கடவுச்சொல்லை இங்கே எழுதுக எனப் போலிக் கடிதங்கள் வருதல் இயல்பு. எந்த நாளில், எவர், எவ்வழியாகப் புதிய கடவுச்சொல்லைத் தருவார் என்பதை முன்னரே தொலைபேசியிலோ கூட்டத்திலோ அறிவித்தால் இவ்வஞ்சனைக்கு இடமிராது. மற்றையது, அனுப்பும் உரிமையைப் பற்றியது. சங்கத்தின் பெயரால் எந்தக் கணினி கடிதம் அனுப்பலாம் என்பதும் அப்பெயருடன் இணையத்திற் பதியப்படுவதொன்று. 2024 பெப்ரவரி தொட்டுக் கூகுளும் யாகூவும் இப்பதிவைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. கம்பனியை மாற்றிவிட்டு இப்பதிவை மாற்றாது விட்டால், யூபிலி அழைப்பிதழ் ஆயிரவர்க்கு அனுப்பப்பட்டும் குப்பைப் பெட்டியிற் கிடக்கும். வராதவர்மீது வீணே மனத்தாங்கல் கொள்வோம்.

எனவே சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் நாம் வைக்க விரும்பும் பிரேரணை இது. முதலாவதாக, சங்கத்தின் பெயரிலே ஓர் இணையப் பெயர் பதியப்படல் வேண்டும். அதன் ஆண்டுக் கட்டணம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு நிரந்தர இனமாதல் வேண்டும். இரண்டாவதாக, பதவிகளுக்கென முகவரிகள் அமைத்து, பதவி மாறும் நாளிலே முத்திரையுடன் அவையும் கையளிக்கப்பட்டு, அக்கையளிப்புக் கூட்டக் குறிப்பிற் பதியப்படல் வேண்டும். மூன்றாவதாக, முன்னைக் காரியதரிசிகள், தனாதிகாரிகள் அனைவரையும் அணுகி, சங்கக் கடிதங்களைப் பெற்று, எண்ணிச் சரிபார்த்துச் சேர்த்தல் வேண்டும். அது முடியும்வரை பழைய பெட்டி எதுவும் மூடப்படலாகாது. நான்காவதாக, ஆண்டுதோறும் எல்லாக் கடிதங்களுக்கும், எந்தக் கம்பனியின் மென்பொருளாலும் திறக்கத்தக்க பொது வடிவில் இரு பிரதிகள் எடுத்து, இணைப்பில் இல்லாத கருவியில் ஒன்றைக் கல்லூரிப் பெட்டகத்திலும் மற்றொன்றைக் கடல்கடந்த கிளையொன்றிலும் வைத்தல் வேண்டும். எந்தக் கம்பனி என்ற வினா ஐந்தாவது. அதனை விடயமறிந்த இளைஞரிடம் விட்டுவிடலாம். அவர் தெரிவு பிழைப்பினும் மற்றொன்றுக்கு மாறுதல் அப்போது இலகுவாயிருக்கும்.

இவற்றுட் காலத்தை நோக்க முந்தவேண்டியது மூன்றாவது. பெயரை எந்த ஆண்டிலும் வாங்கலாம். கம்பனியை எந்த மாதத்திலும் மாற்றலாம். முன்னைக் காரியதரிசிகளோ மூத்தோர். பலர் தூரதேசத்தில் வாழ்கின்றனர். அவர்களுடைய பெட்டி திறந்திருக்கும் காலமே எமக்குள்ள காலம். இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் முன்னர்ச் சங்கப் பதவி வகித்தோர் இருப்பின், வேறொருவர் கேட்கும்வரை காத்திராது, இந்த வாரத்திலேயே தம் பெட்டியைத் திறந்து சங்கக் கடிதங்களை ஓர் உறையிற் சேர்த்து வைப்பாராக. அடுத்த யூபிலி மலரைத் தொகுக்கப்போகும் மாணவன் இன்று கீழ்வகுப்பிற் படித்துக்கொண்டிருத்தல் கூடும். அவன் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுப்பதற்குக் கடிதம் இருத்தல் வேண்டும்.